ஒகேனக்கல் தண்ணீரா, ஆர்.ஓ. போட்ட போர் தண்ணீரா?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பாறைக்குள் ஆழமாக இறங்கும் பல போர்களில் (ஆழ்துளைக் கிணறுகளில்) ஃபுளோரைடு என்ற தாது உப்பு கரைந்து வருகிறது. நிறமோ வாசனையோ இல்லாததால் குடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைப் பிள்ளைகள் தொடர்ந்து குடித்தால் பல்லில் கறை படியும், அது தேய்த்தாலும் போகாது. அளவு இன்னும் கூடி, ஆண்டுக்கணக்கில் உடலில் சேர்ந்தால் மூட்டும் முதுகும் இறுகிவிடும். கொதிக்க வைத்தும் பயனில்லை. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைச் சுத்திகரித்துத் தருகிறது. என் ஓட்டு இதற்குத்தான். ஆர்.ஓ. சுத்திகரிப்பு மிஷின் வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் அதே தண்ணீர் கிடைக்கிறதே! ஆனால் ஊர்த் தொட்டியில் போர் தண்ணீரைக் கலந்துவிட்டால் பலன் குறைந்துவிடும்.

ஆர்.ஓ. மிஷினும் ஃபுளோரைடில் பெரும்பகுதியை நீக்கும், அதிலுள்ள மெம்பரேன் என்ற வடிகட்டும் சவ்வு நன்றாக இருக்கும்வரை. கழிவாகப் போகும் தண்ணீர் அதிகம். அதைவிடப் பெரிய சிக்கல் சமையலறையில்தான்: குடிக்க மட்டும் ஆர்.ஓ. தண்ணீர், களியும் சோறும் ஆக்கப் போர் தண்ணீர் என்றால் ஃபுளோரைடு உணவு வழியாக உள்ளே போய்விடும். களி கிண்டும் தண்ணீர் முழுக்க மாவுக்குள்தானே போகிறது!

சரி, குழாய் வராத ஊர் என்றால் ஆர்.ஓ.தான் வழி. சமையலுக்கும் அதையே எடுங்கள். குளிக்க, துவைக்கப் போர் தண்ணீர் போதும். தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஃபுளோரைடைத் தனியாகக் காட்டாது, அதனால் ஆய்வகத்தில் ஃபுளோரைடு அளவைக் கேட்டுப் பரிசோதியுங்கள்.