வாள் எட்டும் என் ‘முடியாது’களும்: ஒரு டாரட் கட்டு பற்றி

ஜோசியம் பார்க்க வாங்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பது வயதில் இனி என்ன நடக்கும் என்ற ஆர்வத்தைவிட, நான் ஏன் இப்படியே இருக்கிறேன் என்ற எரிச்சல்தான் எனக்கு அதிகம். இணையத்தில் 480 ரூபாய்க்கு ரைடர்-வெய்ட் டாரட் கட்டு, அதாவது படம் போட்ட ஜோசியச் சீட்டுக்கட்டு, கிடைத்தது. 78 சீட்டு, ஒரு குட்டிக் கையேடு. 1909-இல் லண்டனில் வந்த அதே ஓவியங்கள். பழைய படங்கள் என்பதால் இப்போது யார் யாரோ அச்சடிக்கிறார்கள். எனக்கு வந்தது மலிவுப் பதிப்பு. பெட்டியின் மூலை நசுங்கியிருந்தது. சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நாலு நாள் கலைத்த பிறகுதான் வழிக்கு வந்தன.

மேசையில் பரப்பியதைப் பார்த்த அம்மா, “கிளி எங்கடி?” என்று கேட்டாள்.

தினமும் காபியோடு ஒரு சீட்டு என்று வைத்துக்கொண்டேன். முதல் வாரம் சொல்லும்படி ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் வாள் எட்டு, அதாவது வாள் வரிசையின் எட்டாம் சீட்டு, வந்தது. சிவப்பு அங்கி போட்ட ஒரு பெண், கண் கட்டியிருக்கிறது, உடம்பைச் சுற்றித் துணிக்கட்டு. பக்கத்திலும் பின்னாலும் எட்டு வாள்கள் ஈரமண்ணில் குத்தி நிற்கின்றன. தூரத்தில் பாறைமேல் கோட்டை. கையேட்டில் ‘கெட்ட செய்தி, நெருக்கடி, அவதூறு, நோய்’ என்று போட்டிருந்தது. காலை ஆறரைக்கு இது தேவையா? மூடிவைத்துவிட்டுப் படத்தையே பார்த்தேன். கால் கட்டப்படவில்லை. எதிரே வாள் இல்லை. காவலுக்கும் ஆள் இல்லை. நடந்தால் போய்விடலாம்.

கல்லூரியில் தத்துவம் எனக்குத் துணைப்பாடம், பாதி மறந்துபோய்விட்டது. ஆனாலும் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் ஞாபகத்துக்கு வந்தார். தன் சுதந்திரத்தைப் பார்க்கப் பயந்து மனிதன் தன்னையே மாற்றமுடியாத ஒரு பொருளாகப் பாவித்துக்கொள்கிறான் என்று 1943-இல் எழுதினார். பொய் சொல்பவனும் அவனே, ஏமாறுபவனும் அவனே. பரிமாறுவதைத் தவிர வேறெதுவுமே தான் இல்லை என்பதுபோல மிடுக்காக நடமாடும் ஒரு காபிக்கடைச் சிப்பந்தியை உதாரணமாகக் காட்டுவார். எனக்கு அந்த வேடம் ‘பொறுப்பான மகள்’.

அன்றைக்கு, நான் அடிக்கடி சொல்லும் ‘முடியாது’களை நோட்டில் எழுதினேன். ஏழு வந்தது. முதலாவது: அம்மாவை விட்டு வெளியூர் போக முடியாது. திருச்சியில் அக்கா இருக்கிறாள். பத்து நாள் வந்து இரு என்று ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அவளிடம் கேட்டதில்லை. கேட்டால் வந்துவிடுவாளோ என்ற பயம்தான் போல. அப்புறம் நான் யார்?

ஆனால் சார்த்தரை அப்படியே நம்பிவிடவும் படம் விடவில்லை. தன்னைத்தானே இப்படிக் கட்டிக்கொள்ள யாராலும் முடியாது, வேறு கை வேண்டும். இன்னொரு பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் தி பொவார் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தார்: வேறு வழி உண்டு என்பதே தெரியாமல் அடைத்து வளர்க்கப்பட்டவர்களைக் குற்றம் சொல்லக்கூடாது, வழி கண்ணில் பட்ட பிறகும் அசையாமல் நின்றால்தான் அது அவர்கள் பொறுப்பு. என் ஏழில் இரண்டு நிஜக் கயிறு. வீட்டுக் கடனைத் தத்துவம் அடைக்காது.

இந்தக் கட்டை உருவாக்கிய வெய்ட்டே இந்தச் சீட்டைத் தற்காலிக அடைப்பு, மீளமுடியாத சிறை அல்ல என்றுதான் எழுதினார். என் கையேட்டில் அந்த வரியைக் காணோம்.

இன்னொரு வருத்தம். படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். மார்சேய் என்ற பழைய பிரெஞ்சு டாரட் கட்டில் இதே சீட்டில் அலங்காரமாக வளைந்த வாள்கள் மட்டும்தான் இருக்கும், ஆள் கிடையாது. இங்கே எண் சீட்டுக்கெல்லாம் காட்சி கொடுத்தது அவர் கை. அதனால்தான் இப்படி உட்கார்ந்து யோசிக்கவே முடிகிறது. கட்டின் பெயரில் பதிப்பாளர் ரைடரும் வெய்ட்டும் இருக்கிறார்கள், ஸ்மித் இல்லை. கொஞ்சப் பணத்துக்குப் பெரிய வேலை என்று 1909-இல் ஒரு கடிதத்தில் எழுதியவர், 1951-இல் கடனோடு இறந்தார். சீட்டின் மூலையில் சின்னதாக ஒரு முத்திரைக் கையெழுத்து உண்டு. என் பதிப்பில் அதுவும் மங்கல்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். கூட நூறு இருநூறு ஆனாலும் நல்ல அச்சாக வாங்குங்கள், கையேட்டைக் கடைசியில் படியுங்கள். போன வாரம் அக்காவைக் கேட்டேன். மாசியில் வருகிறாளாம். எங்கே போவதென்று எனக்குத்தான் இன்னும் தெரியவில்லை.