புளூ-ரேயா, 4கே டிஸ்க்கா: எதை வாங்கலாம்?

பிடித்த படத்தை டிஸ்க்காக வாங்கி வைக்கலாம் என்று முடிவெடுத்ததும் பலருக்கும் வரும் குழப்பம் இது.

படம்: புளூ-ரேயில் 1080பி, அதாவது முழு எச்.டி. தெளிவு. 4கே-யில் அதைப்போல் நான்கு மடங்கு பிக்சல்கள். ஆனால் கண்ணில் படுவது பிக்சலைவிட 4கே-யில் வரும் எச்.டி.ஆர். (வெளிச்சத்தையும் இருட்டையும் விவரம் குறையாமல் காட்டும் நுட்பம்) தான், இருட்டில் மெழுகுவர்த்தி எரியும் காட்சியைப் போட்டுப் பாருங்கள், சுடர் வெள்ளைத் திட்டாக வெளிறாமல் அதன் மஞ்சளும் ஆரஞ்சும் அப்படியே இருக்கும், பின்னால் இருக்கும் நிழலிலும் சுவரின் சொரசொரப்பு தெரியும்.

கொள்ளளவு: புளூ-ரே 50 ஜிபி வரை. 4கே 100 ஜிபி வரை.

பிளேயர்: 4கே பிளேயரில் புளூ-ரேயும் ஓடும். புளூ-ரே பிளேயரில் 4கே ஓடாது.

ரீஜன்: புளூ-ரேயில் உலகை ஏ, பி, சி என்று பிரித்த பூட்டு உண்டு, ஒரு பகுதியின் டிஸ்க் இன்னொரு பகுதியின் பிளேயரில் ஓடாமல் போகலாம், வெளிநாட்டுப் பதிப்பு வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். 4கே-யில் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

கூடுதல் அம்சங்கள்: இங்கே புளூ-ரே தான் ராஜா. 4கே பெட்டி வாங்கினாலும் மேக்கிங் வீடியோ, நீக்கப்பட்ட காட்சிகள் எல்லாம் பெரும்பாலும் கூடவே வரும் புளூ-ரே டிஸ்க்கில்தான் இருக்கும், அதனால் அந்த இரண்டாவது டிஸ்க் இருக்கிறதா என்று அட்டையின் பின்பக்கத்தில் பார்க்காமல் வாங்காதீர்கள்.

நல்ல எச்.டி.ஆர். டிவி இருந்தால், உயிராக நேசிக்கும் படங்களுக்கு 4கே. டிவி சின்னது, இயக்குநரின் வர்ணனைதான் முக்கியம் என்றால் புளூ-ரேயே போதும், மிச்சமாகும் பணத்தில் இன்னொரு படம் வாங்கலாம்.