மான் வேட்டை: ஈயத் தோட்டாவா, செம்புத் தோட்டாவா?

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயத் தோட்டா கூடாது. பக்கத்து அரிசோனாவில் தடை இல்லை. செம்புக்கு மாறுங்கள் என்ற வேண்டுகோள்தான்.

ஈயம் மலிவு. ஆனால் மானின் உடலில் பட்டதும் பொடிப்பொடியாகச் சிதறும். வேட்டைக்காரர்கள் காட்டிலேயே விட்டுப்போகும் குடலைத் தின்னும் காண்டோர் கழுகுகள் ஈய நஞ்சேறிச் சாகின்றன. தடைக்கு முக்கியக் காரணம் இதுதான். அந்த ஈயத் துணுக்குகள் இறைச்சியோடு சமையலறைக்கும் வரலாம். எனக்கு இது ஒன்றே போதும், என் ஓட்டு செம்புக்கு.

செம்புக்கு விலை கூடுதல். முனை பூவாக விரியும், பெரும்பாலும் சிதறாது. அடர்த்தி குறைவு என்பதால் அதே எடைக்குத் தோட்டா நீளும். குறி மாறலாம், சுட்டுப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அப்புறம், செம்பு என்றால் மட்டும் போதாது, விரியாத வகையும் உண்டு: மானுக்கு விரியும் வகைத் தோட்டாதான் சட்டப்படி செல்லும்.