65,000 ரூபாய்க்கு ஒரு பாட்டி

நேற்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பல் மருத்துவர். அமெரிக்காவில் எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) படிக்க ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு, அந்தப் படிப்புக்கான பொது இணைய விண்ணப்பத் தளமான சோஃபாஸ் வழியாக விண்ணப்பித்தேன். கட்டுரைகளுக்கு உதவ, சென்னையில் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனத்துக்கு 65,000 ரூபாய் கட்டினேன்.

முதல் சந்திப்பில் அந்த ஆலோசகர் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தில் கையாலேயே குறிப்பெடுத்தார். அதில்தான் விழுந்தேன். முகாமுக்கு வந்த ஒரு கொத்தனாரைப் பற்றிச் சொன்னேன். குட்கா போட்டுப் போட்டு வாய் இறுகி, இரண்டு விரல்கூட நுழையாது. கஞ்சியைத் தவிர எதுவும் இறங்காது. 2013இலேயே தமிழ்நாட்டில் தடை செய்த பொருள், அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. அதனால்தான் நாற்காலியில் உட்கார்ந்து பல்லைப் பார்ப்பது போதாது என்று எனக்குப் பட்டது. "இந்த ஒருவர் போதும், டாக்டர். மற்றதை எங்களிடம் விட்டுவிடுங்கள்" என்றார். அன்று மாலையே முழுப் பணத்தையும் அனுப்பினேன்.

ஐந்து இடத்திலும் மறுப்பு. சோஃபாஸ் கணக்கை அவர்களே அவர்கள் மின்னஞ்சலில் திறந்திருந்தார்கள். கடவுச்சொல்லை வாங்கவே நான்கு முறை கெஞ்ச வேண்டியிருந்தது. நேற்று திறந்து பார்த்தேன். என் பெயரில் போன பொதுக் கட்டுரை "சிறு வயதில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குச் சென்றபோது..." என்று தொடங்குகிறது. என் இரண்டு பாட்டிகளும் நான் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார்கள்! கொத்தனார் எங்குமே இல்லை.

அந்தப் பொதுக் கட்டுரையை ஐந்து இடத்துக்கும் ஒன்றாகவே அனுப்பியிருக்கிறார்கள், அது கிடக்கட்டும். ஆனால் ஒவ்வொரு துறையும் தனியாகக் கேட்கும் துணைக் கட்டுரை இருக்கிறதே, "ஏன் எங்களிடம் வருகிறீர்கள்?" என்று, ஒரே மதிப்பெண் வைத்திருக்கும் இருவரில் யார் என்று பார்ப்பது அதில்தான். அதையும் ஐந்து இடத்துக்கும் ஒரே பத்தியாக ஒட்டியிருக்கிறார்கள். ஓர் இடத்தில் வேறு பல்கலைக்கழகத்தின் பெயரைக்கூட மாற்றவில்லை. சமர்ப்பித்த பிறகு ஓர் எழுத்தையும் திருத்த முடியாது.

தொலைபேசியில் கேட்டால், "சார் மீட்டிங்கில் இருக்கிறார்." மறுநாள், "எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார்." கடைசியில், "கட்டணம் சேவைக்குத்தான் மேடம், சீட்டுக்கு அல்ல. அடுத்த ஆண்டு சலுகை தருகிறோம்." 65,000 ரூபாய் வாங்கியவர்கள் எனக்குச் சலுகை தருகிறார்களாம்!

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கிளினிக்கில் ஆள் காத்திருக்கிறார்கள். கணக்கை உங்கள் மின்னஞ்சலிலேயே திறங்கள். நீங்கள் வரிவரியாகப் படிக்காமல் சமர்ப்பிக்க விடாதீர்கள். துணைக் கட்டுரையை நீங்களே எழுதுங்கள், ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை. முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். ரசீது என்னிடம் இருக்கிறது. மதியம் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கப் போகிறேன்.