400 வாட் நீர்மூழ்கிப் பம்பும் அதைத் திருத்திய மோட்டார் கடையும்

மட்டக்களப்பு நகரின் தாழ்ந்த பகுதிகளில் வீடு வைத்திருப்போர் சிலர், வளவின் பள்ளமான மூலையில் குழி வெட்டி, கிணற்றுக்கு இறக்குவது போலக் கொங்கிரீட் வளையம் இறக்கி, அதில் சேரும் மாரி நீரைச் சிறிய மின்பம்பினால் வீதி வடிகானுக்கு இறைத்துவிடுகிறார்கள். அத்தகைய ஒரு குழிக்காக நகரிலேயே வாங்கிய, மிதவை சுவிட்ச் பொருத்திய 400 வாட் நீர்மூழ்கிப் பம்பையும், கார்த்திகை மழைக்கு நடுவே அது நின்றுபோனபோது திருத்தித் தந்த மோட்டார் கடையையும் பற்றிய மதிப்பீடு இது. பம்பின் வர்த்தகப் பெயரையும் விற்ற கடையின் பெயரையும் குறிப்பிடவில்லை. கீழே சொல்லப்படும் குறைகள் இந்த விலைப்பிரிவில் வரும் பல பம்புகளுக்கும் பொருந்தக்கூடியவை.

பெட்டியில் மணிக்கு 7,500 லீற்றர் என்றும் அதிகபட்ச உயரம் 5 மீற்றர் என்றும் அச்சிடப்பட்டிருக்கிறது. இரண்டும் தனித்தனியே உண்மையாக இருக்கலாம்; ஒரே நேரத்தில் இரண்டும் கிடைக்கா. முதலாவது எண் நீரை உயர்த்தவே தேவையில்லாத நிலைக்குரியது, இரண்டாவது எண் குழாயின் நுனியில் நீர் வெளிவராமல் நின்றுவிடும் உயரத்துக்குரியது. குழியின் ஆழத்தையும் மதிலைத் தாண்டும் உயரத்தையும் கூட்டி, ஓரங்குல நெகிழ்குழாயையும் மாட்டிய பிறகு, பெட்டியின் கணக்குப்படி பத்து வினாடிக்குள் நிரம்ப வேண்டிய 20 லீற்றர் வாளி நிரம்புவதற்கு அதைப்போல இரு மடங்கு நேரம் எடுத்தது. இதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்துப் பேர்ச் (ஏறக்குறைய 250 சதுர மீற்றர்) வளவில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் சேரும் நீர் ஏறக்குறைய 25,000 லீற்றர். நிலம் ஏற்கெனவே ஊறிப்போயிருக்கும் மார்கழியில் அதில் பெரும்பகுதி மேலேயே நிற்கும். அதை இறைக்க இந்தப் பம்ப் ஏழு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓட வேண்டும். வாங்குபவரிடம் வளவின் அளவையும் குழாயின் நீளத்தையும் விற்பவர் கேட்டிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருந்திராது. கடையில் கேட்கப்பட்டதெல்லாம் எத்தனை குதிரைவலு வேண்டும் என்பதுதான்.

பம்ப் நின்ற விதம் விரிவாகச் சொல்லத்தக்கது. வெளியேற்றும் குழாயில் ஒருவழி வால்வு இருக்கவில்லை; பம்புடன் அது தரப்படுவதுமில்லை, அது தேவை என்று கையேடும் சொல்வதில்லை. எனவே பம்ப் நிற்கும் ஒவ்வொரு முறையும் குழாயில் நின்ற நீர் திரும்பக் குழிக்குள் விழுந்து மட்டத்தை உயர்த்த, மிதவை எழுந்து பம்பை மறுபடியும் இயக்கியது. இப்படி ஓயாமல் இயங்கி நின்றதில் மிதவைக்குள் இருக்கும் சுவிட்சின் முனைகள் கருகி ஒட்டிக்கொண்டன. அதன் பின் குழி வற்றியும் பம்ப் நிற்கவில்லை. சுற்றியுள்ள நீரால் குளிர்ச்சியடையும்படி செய்யப்பட்ட மோட்டார் நீரின்றி ஓடினால் முதலில் கெடுவது தண்டைச் சுற்றி நீர் உட்புகாமல் தடுக்கும் சீல். அது கெட்டதும் அடுத்த மழையில் நீர் எண்ணெய் அறையைக் கடந்து மோட்டாருக்குள் புகுந்தது, வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. மூல காரணமான வால்வோ பம்பின் விலையோடு ஒப்பிடுகையில் மிகவும் மலிவானது.

விற்ற கடையைத் தொலைபேசியில் கேட்டபோது, ட்ரிப் சுவிட்சைத் தவிர்த்து நேரடியாக இணைத்துப் பார்க்கும்படி சொன்னார்கள். இந்த அறிவுரையை யாரும் பின்பற்றக்கூடாது. 30 மில்லியம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிப்பதற்கென்றே அந்தச் சுவிட்ச் இருக்கிறது. கணுக்கால் அளவு நீர் நிற்கும் முற்றத்தில் உயிருக்கு வேறு காவல் இல்லை. உத்தரவாத அட்டையைக் கொண்டுசென்றபோது, நீரின்றி ஓடிய பம்புக்கு அது செல்லாது என்றார்கள். நீரின்றி ஓடாமல் காக்க வேண்டிய மிதவையும் அவர்கள் விற்ற பம்பின் பாகம்தான் என்பதற்கு அவர்களிடம் பதில் இருக்கவில்லை.

திருத்திய கடை இதற்கு நேர்மாறானது. ஒரே அறை, பெயர்ப்பலகையும் பாதி அழிந்தது, வாசல்வரை பிரித்துப்போட்ட மோட்டார்கள். நீர் புகுந்த மோட்டார் என்றதும் கம்பி முழுவதையும் அவிழ்த்துப் புதிதாகச் சுற்ற வேண்டும் என்று சொல்லிவிடுவது சிலருக்கு இலாபமான வழி. இந்தக் கடைக்காரரோ மோட்டாரைத் திறந்து உலர்த்தி, கம்பிச்சுற்றின் மின்காப்பை மெகர் கருவியால் அளந்து, அதன் முள் ஒரு மெகாஓமை நன்றாகத் தாண்டி நின்றதைப் பார்க்கச் செய்துவிட்டு, “கொயில்ல ஒரு பிழையும் இல்ல சேர், இத ஏன் அவிழ்ப்பான்?” என்றார். சீலையும் எண்ணெயையும் மாற்றினார். மிதவையைக் கழற்றி, வயர் சற்று நீளமான வேறொன்றைப் பொருத்தினார். ஒருவழி வால்வை நாங்களே வாங்கிப் போடும்படி அளவை எழுதித் தந்தார். கூலியும் உதிரிப்பாகமும் சேர்ந்து புதுப் பம்பொன்றின் விலையில் கால்பங்கைத் தாண்டவில்லை. குறைகளும் உண்டு: வீட்டுக்கு வந்து பார்ப்பதில்லை, பற்றுச்சீட்டைக் கேட்டால்தான் எழுதுகிறார், சொன்ன நாளுக்கு வேலை முடிவதும் இல்லை.

இப்போது பம்ப் ஒழுங்காக ஓடுகிறது. ஆனாலும் அதனிடம் எதிர்பார்க்கக்கூடாதவை சில உண்டு. நமது மணல் நிலத்தில் நிலத்தடி நீர் மேலேறி, சுற்றியுள்ள வளவுகளிலும் நீர் நிற்கும்போது, குழியை இறைக்க இறைக்க நீர் பக்கத்திலிருந்து ஊறி வந்துகொண்டேயிருக்கும். வாவி நிறைந்து, அது கடலில் கலக்கும் முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மணல் வெட்டப்படாதிருக்கும் நாட்களில் வீதி வடிகானும் நகராது. இறைத்த நீர் நமது படலைக்கே திரும்பும். 2011 ஜனவரியில் வந்ததைப் போன்ற வெள்ளத்துக்கு எந்த வீட்டுப் பம்பும் ஈடாகாது, அப்போது மின்சாரமும் இருக்கும் என்று நம்புவதற்கில்லை. தவிர, வளையத்தின் அடியில் சல்லி பரப்பாமல் இறைத்தால் பம்ப் நீருடன் நுண்மணலையும் இழுத்துச் சுழல்தட்டைத் தேய்த்துவிடும்; மதிலோரக் குழியாக இருந்தால் அத்திவாரத்தின் கீழுள்ள மணலும் சேர்ந்து வரக்கூடும்.

நடுத்தர மழைக்குத் தேங்கும் நீரை ஓரிரவில் வடியச் செய்ய வேண்டும் என்ற அளவில் இந்தப் பம்பைத் தாராளமாக வாங்கலாம்; வால்வையும், ஓரங்குலத்துக்குப் பதிலாக ஒன்றேகால் அங்குலக் குழாயையும் அன்றைக்கே சேர்த்து வாங்கிவிட வேண்டும். திருத்தும் கடைக்குப் போக நினைப்போர் புரட்டாதியிலேயே பம்பைக் கழற்றிக் கொடுத்துச் சீலைச் சோதித்துக்கொள்வது நல்லது. ஐப்பசி பிறந்தால் அந்த வாசலில் கால் வைக்க இடமிருப்பதில்லை.