கழற்றிப் பார்த்த பிறகு பேசுவோம்

கந்தளாய்க்குச் சற்று முன்னால், ஹபரணைக் காட்டு வீதியில், அத்தானின் டொல்பின் வான் நின்றுவிட்டது. ஆறு வருடங்களுக்குப் பிறகு திருகோணமலைக்குப் போகிறேன். கோணேசர் கோவிலையும் உப்புவெளிக் கடலையும் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது. ஆனால் மூன்று வார விடுமுறையில் என் மனத்தை முழுவதும் பிடித்துக்கொண்டது அந்த வானின் எஞ்சின்தான்.

ரேடியேட்டரின் கீழ்க்குழாய் வெடித்துத் தண்ணீர் எல்லாம் வீதியில் போய்விட்டது. அத்தான் கவனமில்லாத ஆள் அல்ல. சூடு காட்டும் முள் ஒருமுறை மேலே ஏறியதை அவர் கண்டார். சிறிது நேரத்தில் அது தானாகவே இறங்கியதால் சரியாகிவிட்டது என்று நினைத்தார். தண்ணீர் வற்றிய பின் சூட்டை அளக்கும் கருவி வெறுங்காற்றில் நிற்கும், முள் பொய் சொல்லும் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. எஞ்சின் நின்றதும் பதற்றத்தில் இரண்டு போத்தல் குளிர்ந்த தண்ணீரை உள்ளே ஊற்றினோம். ஊற்றச் சொன்னது நான். கொதிக்கும் இரும்பில் குளிர்நீர் என்ன செய்யும் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இழுத்துக்கொண்டு போன முதல் கராஜில் முன் சீட்டைத் தூக்கினார்கள், எண்ணெய்க் கம்பியை உருவினார்கள். தண்ணீர் கலந்து எண்ணெய் பால் தேநீரின் நிறத்தில் இருந்தது. எல்லாம் ஐந்து நிமிடம். “எஞ்சின் முடிந்துவிட்டது. முற்பணம் கட்டினால் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளிலிருந்து ரீகண்டிஷன் எஞ்சின் எடுத்துத் தருகிறோம்.” ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

நான் சம்மதிக்கத் தயாராக இருந்தேன். நான் வாழும் கனடாவின் ஸ்கார்புரோவில் என் காருக்கு இதே நிலை வந்தபோது அங்கேயும் யாரும் திறந்து பார்க்கவில்லை. மாற்றச் சொன்னார்கள், கையெழுத்துப் போட்டேன். அங்கே மெக்கானிக்கின் மணிக்கூலி பொருளின் விலையை விழுங்கிவிடும். ஆகவே திறந்து பார்ப்பதே நட்டம். ஊரில் கணக்கு தலைகீழ். கூலி குறைவு, பொருள்தான் நெருப்பு விலை. இருபது வருடம் வெளியில் இருந்ததில் இந்த அடிப்படையே எனக்கு மறந்துபோயிருந்தது.

அக்காதான் தடுத்தார். “கிண்ணியா நானா பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதே.” கந்தளாயிலிருந்து நாற்பது கிலோமீற்றர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம்.

கிண்ணியாவில் எஞ்சின் திருத்தும் முஸ்லிம் அண்ணன்தான் நானா; அவரை எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்குப் போவதென்றால் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் போக வேண்டும். அந்தக் கரையில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த இளைஞராக அவரைப் பார்த்திருக்கிறேன். இப்போது தாடி நரைத்துவிட்டது. வானைச் சுற்றி வந்தார். “மாற்றுவதா, திருத்துவதா?” என்று கேட்டேன். “கழற்றிப் பார்த்த பிறகு பேசுவோம், தம்பி” என்றார்.

மறுநாள் எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிச் சாக்கின் மேல் வைத்தார். உருக்கு அடிமட்டம் ஒன்றை அதன் மேல் குறுக்காக நிறுத்தி, மெல்லிய அளவுத் தகடுகளை ஒவ்வொன்றாக இடுக்கில் செருகினார். கால் மில்லிமீற்றர் தகடு நடுவில் தாராளமாக நுழைந்தது. “வளைந்துவிட்டது. வளைவை லேத்தில் சீவி எடுக்கலாம். வெடிப்பு இருந்தால்தான் கஷ்டம்.” ஹெட்டை நன்றாகக் கழுவி மண்ணெண்ணெய் பூசி ஊறவிட்டார். பிறகு துணியால் வறளத் துடைத்தார். பக்கத்துக் கடையில் வாங்கி வந்த வெண்கட்டியை இடித்து அந்தத் தூளை மேலே தூவினார். நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளைத் தூளில் ஈரம் மெதுவாக ஊறி ஒரு மயிர்க்கோடு எழுந்தது, இரண்டு வால்வுகளுக்கும் நடுவே. வேறெங்கும் இல்லை. அத்தான் பெருமூச்சு விட்டார்.

பிறகு அடிப்பகுதி. நாலாவது சிலிண்டரில் பிஸ்டன் தேய்த்த கோடுகள். ரேடியேட்டருக்கு மிகத் தூரத்தில் இருப்பது அதுதான். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் பளபளப்பான இடங்களில் நானா தன் நகத்தை ஓடவிட்டார். என்னையும் ஓடவிடச் சொன்னார். எங்கும் மாட்டவில்லை, கண்ணாடியில் ஓடுவது போல வழுக்கியது. “கிராங்க் நீலம் பாரித்திருந்தாலோ, சிலிண்டர்கள் இருக்கும் புளொக் வெடித்திருந்தாலோ நானே மாற்றச் சொல்லியிருப்பேன். இதில் உயிர் இருக்கிறது. புது ஹெட் போடுவோம், நாலு சிலிண்டரையும் கடைந்து பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவோம்.” மொத்தச் செலவு ரீகண்டிஷன் எஞ்சினின் விலையில் பாதிக்குச் சற்றே மேல் வந்தது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ரீகண்டிஷன் என்ற சொல்லைக் கேட்டு ஏமாறக்கூடாது. பிரித்து, அளந்து, தேய்ந்ததை மாற்றிய எஞ்சின் என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். ஊரில் பெரும்பாலும் ஜப்பானில் ஓடிய வண்டியிலிருந்து அப்படியே இறக்கி, கழுவி விற்பதற்கும் அதே பெயர்தான். நல்லதும் அமையும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கும் தெரியாது. எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து வாகனப் புத்தகத்தையும் திருத்த வேண்டும். அதைச் செய்யாமல் விட்டவர்கள் விற்கப் போகும்போது படும் பாட்டை அத்தான் பார்த்திருக்கிறார். வானையே விற்றுவிட்டு வேறு வாங்கு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தார்கள். விலைகளைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

இனி என் கோபம். புளொக்கை ஏற்றுக்கொண்ட லேத் கடை வியாழன் தருவதாகச் சொன்னது. வியாழன் மின்வெட்டு, வெள்ளி ஜும்ஆ, ஞாயிறு விடுமுறை, திங்கள் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. தொலைபேசியை எடுப்பதில்லை; எடுத்தால் “நாளைக்கு.” ஒவ்வொரு நாளும் அக்கா பள்ளிப் பிள்ளைகளின் தாய்மாருக்கு மன்னிப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அந்த வான்தான் அக்கா வீட்டின் சாப்பாடு. முடியாத நாளை முடியாது என்று சொல்வதில் என்ன குறைந்துவிடும்? நானாவிடமும் இதைச் சொன்னேன். கணக்கை எழுதித் தரும்படி கேட்டபோது முதலில் மனம் நொந்தார், தன்னை நம்பவில்லை என்று. விளக்கிய பிறகு பள்ளிக் கொப்பித் தாளில் ஒவ்வொரு பொருளாக எழுதித் தந்தார். கழற்றிய பழைய பிஸ்டன்களையும் ஹெட்டையும் சாக்கில் கட்டி வீட்டுக்கே அனுப்பினார். கனடாவில் எந்த கராஜும் எனக்கு இதைச் செய்ததில்லை.

நான் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் எஞ்சின் முதல் அடியிலேயே பிடித்தது. பத்திரகாளி அம்மன் வாசலில் தேங்காய் உடைத்து, நான்கு சில்லுகளின் கீழும் தேசிக்காய் வைத்து ஏற்றினோம். முதல் 1,000 கிலோமீற்றர் பாரம் ஏற்றக்கூடாது, விரட்டக்கூடாது, ஹெட் போல்ட்டை மறுபடி முறுக்கக் கொண்டு வர வேண்டும் என்பது நானாவின் கட்டளை. நிலாவெளிவரை மெதுவாகப் போனோம். அங்கே அத்தான் எஞ்சின் ஆறும்வரை மர நிழலில் காத்திருந்தார். பிறகு துணியைப் பிடித்து ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். தண்ணீர் கழுத்துவரை நின்றது. அக்கா அதற்குள் தொலைபேசியை எடுத்து, திங்கட்கிழமை வான் வரும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லத் தொடங்கிவிட்டார்.