சாக்கெட்டில் தெர்மல் பேஸ்ட்: நாமே சுத்தம் செய்வதா, கடையில் கொடுப்பதா?

கம்ப்யூட்டரில் புராசஸர் மாற்றும்போது, அதன் சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட், புராசஸர் உட்காரும் சாக்கெட்டுக்குள் விழுந்துவிட்டால் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் சாதாரண வெள்ளை, சாம்பல் நிறப் பேஸ்ட்களில் பெரும்பாலானவை மின்சாரத்தைக் கடத்தாது. கவலைப்பட வேண்டியது சாக்கெட்டிலுள்ள பின்களை, அதாவது மெல்லிய உலோக முனைகளைப் பற்றித்தான். இன்டெல் புராசஸர்களுக்கான எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் 1700 பின்கள், விரல் பட்டாலே வளைந்துவிடும்.

செலவு
நாமே: 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மென்மையான புது டூத்பிரஷ். அவ்வளவுதான்.
கடை: கூலி, அலைச்சல், சில நாள் காத்திருப்பு.

ஆபத்து
நாமே: பட்ஸும் துணியும் வேண்டவே வேண்டாம். பஞ்சின் ஒரே ஓர் இழை மாட்டினாலும் பின்னை இழுத்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, சாக்கெட் இருக்கும் மதர்போர்டைக் கழற்றி, ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பேஸ்ட் இளகியதும், பின்கள் சாய்ந்திருக்கும் திசையிலேயே பிரஷை இழுங்கள், எதிர்த்திசையில் வேண்டாம். போர்டைச் சாய்த்து அழுக்கை வழியவிட்டு, தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். அப்புறம் ஓர் இரவு நன்றாகக் காயட்டும்.
கடை: மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்ப்பார்கள். வளைந்த பின்னையும் நிமிர்த்துவார்கள். போர்டு வேலை தெரிந்த கடையாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

கொஞ்சம் சிந்தியிருக்கிறது, பின்கள் நேராக இருக்கின்றன என்றால் நீங்களே தாராளமாகச் செய்யலாம். ஏஎம்டி புராசஸர்களுக்கான ஏஎம்4 சாக்கெட்டில் பின்களுக்குப் பதில் இருப்பவை துளைகள். பேஸ்ட் ஆழமாக இறங்கியிருந்தால் பிரஷ் எட்டாது, கடைதான் சரி. சிந்தியது லிக்விட் மெட்டல் (பேஸ்ட்டுக்குப் பதில் பூசும் திரவ உலோகம்) என்றால் பவர் போடவே போடாதீர்கள். அது மின்சாரத்தைக் கடத்தும். நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள்.